விருந்தாளி காருக்கு இடம் எங்கே?

பெருங்குடிப் பக்கம் அபார்ட்மெண்ட் அசோசியேஷன் கூட்டம் என்றால், தண்ணீர் லாரிக் கணக்குக்கு அடுத்தபடியாக வருகிற சண்டை இப்போதெல்லாம் நாள் வாடகை ஃப்ளாட் பற்றித்தான். சொந்தக்காரர் அமெரிக்காவிலோ பெங்களூரிலோ இருப்பார். கட்டில், கேஸ் அடுப்பு, குக்கர், மிக்ஸி எல்லாம் போட்டு ஏர்பிஎன்பி மாதிரி தளங்களில் விட்டிருப்பார். மூன்று நாள், ஒரு வாரம் என்று ஆட்கள் வந்து தாங்களே சமைத்துச் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். எங்கள் குடியிருப்பிலும் இரண்டு உண்டு. "அடியோடு தடை செய்தால்தான் நிம்மதி" என்று ஒரு கட்சி கிளம்பியிருக்கிறது. அடுத்த பொதுக்குழுவில் தீர்மானமாகவே வரப்போகிறது.

நான் அந்தக் கட்சியில் இல்லை. சத்தம், குப்பை என்று என்னென்னவோ சொல்கிறார்கள். கிளறிப் பார்த்தால் முக்கால்வாசிப் புகார் வருகிறவர்களின் காரைப் பற்றியது. காருக்கு இடம் காட்ட வேண்டியது யார்? வாடகை வாங்குகிற வீட்டுக்காரர். அதை அவர் செய்யாததால் வந்த வினைக்கு விருந்தாளியை ஏன் திட்ட வேண்டும்?

முதலில் வருகிறவர்கள் யார் என்று பார்க்க வேண்டும். பெருங்குடிக்கு யாரும் ஊர் சுற்றிப் பார்க்க வருவதில்லை. ஓ.எம்.ஆர். ஓரத்தில் பெரிய ஆஸ்பத்திரிகள் வந்துவிட்டன. ஆந்திராவிலிருந்தும் வேலூர், சேலம் பக்கத்திலிருந்தும் வைத்தியத்துக்கு வருகிறார்கள். முட்டி ஆபரேஷன் ஆன அம்மாவை ரயிலில் ஏற்றி இறக்க முடியாது என்றுதான் சொந்தக் காரில் வருகிறார்கள். கஞ்சியும் மிளகு ரசமும் வைத்துக் கொடுக்க அடுப்பு வேண்டும் என்றுதான் லாட்ஜுக்குப் போகாமல் இங்கே வருகிறார்கள். அந்த அம்மாவுக்கு லிஃப்ட் பக்கத்தில் கார் வந்து நிற்பது சொகுசு இல்லை, வைத்தியத்தில் ஒரு பகுதி. தெருக்கோடியில் நிறுத்திவிட்டு வாக்கரோடு நடந்து வா என்று சொல்ல முடியுமா?

விளம்பரத்தில் "இலவச பார்க்கிங் உண்டு" என்று போட்டிருக்கும். வந்து பார்த்தால், ஃப்ளாட்டுக்கு உரிய ஸ்டில்ட் இடத்தை வீட்டுக்காரர் இரண்டாவது கார் வைத்திருக்கும் இன்னொருவருக்கு மாத வாடகைக்கு விட்டிருப்பார். ஒரே ஃப்ளாட்டுக்கு இரண்டு வருமானம். இருட்டில் வந்து இறங்குகிறவரிடம் வாட்ச்மேன்தான் மாட்டிக்கொள்கிறார். அவர் பாவம், பார்வையாளர் இடத்தைக் காட்டுவார். அது நிரம்பியிருந்தால் தெருவைக் காட்டுவார்.

பார்வையாளர் இடம் எல்லோருக்கும் பொது. பேரன் பேத்தி ஞாயிற்றுக்கிழமை வந்தால் இரண்டு மணி நேரம் நிறுத்துவதற்கு. ஒருவர் தன் வியாபாரத்துக்கு வாரக்கணக்கில் எடுத்துக்கொள்ள அது யார் கொடுத்த உரிமை? 2010 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் மும்பை தஹிசர் குடியிருப்பு ஒன்றின் வழக்கில், ஸ்டில்ட் பார்க்கிங்கை பில்டர் தனியாக விற்க முடியாது, அது பொது இடம் என்று சொன்னது. அது மகாராஷ்டிரச் சட்டத்தை ஒட்டிய தீர்ப்பு என்று வக்கீல் நண்பர்கள் சொல்வார்கள். சரி. ஆனால் கட்டிய பில்டருக்கே இல்லாத உரிமை இருபது ஃப்ளாட்டில் ஒன்றுக்குச் சொந்தக்காரருக்கு எங்கிருந்து வரும்?

"ரோடு பொதுதானே, வெளியே போடட்டும்" என்பார்கள். பெருங்குடி 2011-ல்தான் மாநகராட்சியோடு சேர்ந்தது. உள் தெருக்கள் இன்னும் கிராமத்துத் தெருக்கள்தான், அகலமெல்லாம் மாட்டு வண்டிக் காலத்து அகலம். ஓ.எம்.ஆரில் நிறுத்தலாம் என்றால் மெட்ரோ வேலை பாதி ரோட்டைப் பிடித்துக்கொண்டது. தெரு முனையில் ஒரு இன்னோவா நின்றால் 12,000 லிட்டர் லாரி திரும்ப முடியாமல் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கும். அன்றைக்கு முப்பது குடும்பத்துக்குத் தண்ணீர் தாமதம். ஆம்புலன்ஸ் வந்தால் என்ன ஆகும் என்று, எழுபதைத் தாண்டிய நாம் யோசிக்காமல் இருக்க முடியாது.

இன்னொன்று, இதை யாரும் பேசுவதே இல்லை. பக்கத்தில் பள்ளிக்கரணை சதுப்பு நிலம். 2015-லும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் தரைத்தளத்திலும் பேஸ்மெண்டிலும் நின்ற கார்கள் என்ன கதியானது என்று நமக்குத் தெரியும். அதனால்தான் 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்தவுடனே வேளச்சேரி மேம்பாலத்தின் மேல் கார்கள் வரிசை கட்டின. உள்ளூர்க்காரர்களுக்கு அது தெரியும். நெல்லூரிலிருந்து வந்து ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறவருக்கு யார் சொல்வது? வாடகை வாங்குகிறவர் ஒரு போன் செய்து, "சார், வண்டியை மேட்டுக்கு எடுத்துவிடுங்கள்" என்று சொல்ல வேண்டாமா?

பழைய சத்திரங்களில் வருகிறவரின் வண்டி மாட்டுக்கும் இடம், தண்ணீர்த் தொட்டி எல்லாம் இருந்தன. வண்டிப்பேட்டை என்ற பெயர் இன்னும் எத்தனையோ ஊர்களில் இருக்கிறது. தர்மத்துக்கு இடம் கொடுத்தவர்களுக்கே அந்த யோசனை இருந்தது. நாம் காசு வாங்கிக்கொண்டு கொடுக்கிறோம்.

ஜப்பானில் கார் வாங்க வேண்டுமானால் அதை நிறுத்த இடம் இருக்கிறது என்று போலீஸ் சான்று வேண்டும். 1962-லிருந்து சட்டம். கார் வாங்கவே அப்படி என்றால், கார்க்காரர்களை வரவழைத்துச் சம்பாதிக்கிறவரிடம் ஒரு இடத்தைக் காட்டச் சொல்வது பெரிய கொடுமை ஒன்றும் இல்லை.

பொதுக்குழுவில் நான் சொல்லப் போவது இதுதான். நாள் வாடகைக்கு விடுகிற ஃப்ளாட்டின் பார்க்கிங் அந்த ஃப்ளாட்டில் தங்குகிறவருக்கு மட்டும். வேறு யாருக்கும் விடக்கூடாது. ஒரு கார்தான் நிற்கும், டெம்போ டிராவலர் ஸ்டில்ட்டுக்குள் நுழையாது என்று பணம் வாங்குவதற்கு முன்பே தெளிவாக எழுதிவிட வேண்டும். இரண்டாவது கார் வந்தால் பக்கத்துக் காலி மனைக்காரரிடம் பேசி, வீட்டுக்காரரே காசு கொடுத்து ஏற்பாடு செய்யட்டும். இடத்தை ஏற்கெனவே வேறு ஆளுக்கு விட்டுவிட்டார் என்றால் "பார்க்கிங் இல்லை" என்று போடட்டும். கால் டாக்ஸியில் வருகிறவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். வாடகை கொஞ்சம் குறையும், குறையட்டும். கார் நம்பரும் டிரைவர் போன் நம்பரும் முந்தின நாளே வாட்ச்மேன் கையில் இருக்க வேண்டும்.

இதற்கு இரண்டு சொந்தக்காரர்களும் ஒத்துக்கொண்டால் தடைத் தீர்மானத்துக்கு எதிராக என் கை உயரும். ஒருவர் சரி என்று வாட்ஸ்அப்பில் பதில் போட்டுவிட்டார். இன்னொருவர் செய்தியைப் பார்த்ததற்கு அடையாளமாக இரண்டு நீல டிக் மட்டும் வந்திருக்கிறது.