மூன்றரை வட்டிக்கு ஒரு பிளாஸ்டிக் அட்டை

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளில் முதல் மாதம் என்ன நடக்கிறது? தமிழில் டைப் செய்து பார்க்கிறோம். போட்டோக்களை ஏற்றி வைக்கிறோம். அடுத்ததாக ஆன்லைன் கடைகளுக்குள் நுழைகிறோம். பணம் கட்டும் பக்கத்துக்கு வந்தவுடன் கிரெடிட் கார்டுக்குத் தள்ளுபடி, நோ காஸ்ட் இ.எம்.ஐ. என்று திரை அழைக்கிறது. படிப்பை முடித்து அப்போதுதான் வேலைக்குப் போன பிள்ளை வீட்டில் இருந்தால், ஒரு கார்டு வாங்கலாமா என்ற பேச்சு அன்றே தொடங்கிவிடும்.

வாங்கட்டும், தவறில்லை. ஆனால் அதற்கு முன்பாக அதே கம்ப்யூட்டரில் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு வாங்கட்டும் என்பதுதான் என் கருத்து.

நம்மூர்க் கணக்கில் எவ்வளவு?

எங்கள் திருக்கோவிலூர்ப் பக்கம் கைமாற்றுக் கடனுக்கு வட்டியை மாதக் கணக்கில்தான் பேசுவார்கள். நூற்றுக்கு ஒரு ரூபாய் என்றால் ஒரு வட்டி. இரண்டு ரூபாய் என்றால் இரண்டு வட்டி. கரும்பை வெட்டி ஆலைக்கு அனுப்பிவிட்டுப் பணத்துக்குக் காத்திருக்கும் விவசாயிகூட, மூன்று வட்டி என்றால் யோசிப்பார். நகையை வங்கியில் வைத்துச் சமாளித்துக் கொள்ளலாம் என்று திரும்பிவிடுவார்.

இப்போது கிரெடிட் கார்டுக்கு வருவோம். பல கார்டுகளில் பாக்கி வைத்தால் மாதத்துக்கு 3.5 சதவீதத்தை ஒட்டி வட்டி போடுகிறார்கள். அதாவது மூன்றரை வட்டி. அந்த வட்டியின் மீது 18 சதவீத ஜி.எஸ்.டி. வேறு உண்டு. இரண்டையும் சேர்த்தால் 4.13 சதவீதம். நான்கு வட்டிக்கும் மேலே!

ஒரே வீட்டில் அப்பாவுக்கு வட்டிக் கணக்கு அத்துப்படி. ஆனால் கார்டு என்றால் என்னவென்று தெரியாது. பிள்ளைக்குக் கார்டு தெரியும். வட்டிக் கணக்கு தெரியாது. இருவரும் கம்ப்யூட்டர் முன் சேர்ந்து உட்கார்ந்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

பத்து நிமிடக் கணக்கு

எக்ஸெல்லைத் திறந்து கொள்ளுங்கள். எக்ஸெல் இல்லாதவர்களுக்கு இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் போதும். முதல் வரியில் பாக்கி, வட்டி, கட்டியது, மீதி என்று நான்கு தலைப்புகளை அடுத்தடுத்த செல்களில் டைப் செய்யுங்கள்.

இரண்டாவது வரியில் பாக்கிக்குக் கீழே 40000 என்று கொடுங்கள். கார்டில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கியதாக வைத்துக் கொள்வோம். வட்டிக்குக் கீழே சமக்குறி போட்டு, பாக்கி செல்லைக் கிளிக் செய்து, நட்சத்திரக் குறி போட்டு 0.0413 என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். கட்டியது என்பதற்குக் கீழே 2000. மீதியில் பாக்கியுடன் வட்டியைக் கூட்டிக் கட்டியதைக் கழிக்கும் பார்முலா.

மூன்றாவது வரியின் பாக்கியில் சமக்குறி போட்டு, மேல் வரியின் மீதி செல்லைக் கிளிக் செய்யுங்கள். கட்டியது செல்லிலும் சமக்குறி போட்டு, அதற்கு நேர் மேலே உள்ள செல்லைக் கிளிக் செய்யுங்கள். வட்டியையும் மீதியையும் மேல் வரியிலிருந்து காப்பி செய்து கொள்ளலாம். பிறகு மூன்றாவது வரியின் நான்கு செல்களையும் தேர்வு செய்து, வலது கீழ் மூலையில் உள்ள சிறு கட்டத்தை மவுஸால் பிடித்துக் கீழே இழுங்கள்.

முதல் மாதமே அதிர்ச்சி காத்திருக்கிறது. வட்டியும் வரியும் 1,652 ரூபாய். நீங்கள் கட்டிய 2,000 ரூபாயில் கடன் குறைந்தது வெறும் 348 ரூபாய். இப்படியே போனால் 44-வது மாதத்தில்தான் கடன் தீரும். அதற்குள் மொத்தமாக 86,400 ரூபாய்க்கு மேல் கட்டியிருப்பீர்கள். 40 ஆயிரம் ரூபாய்ப் பொருளுக்கு இரண்டு மடங்குக்கும் மேல்.

இனி இரண்டாவது வரியில் உள்ள 2000-ஐ 4000 என்று மாற்றிப் பாருங்கள். கடன் 14-வது மாதத்திலேயே முடிகிறது. மொத்தம் ஏறத்தாழ 52,700 ரூபாய். வங்கி நாள் கணக்கில் வட்டி போடும் என்பதால் சில ரூபாய்கள் மாறலாம். ஆனால் பாடம் மாறாது.

2,000 என்ற தொகையை ஏன் எடுத்தேன்? பாக்கியில் 5 சதவீதம் அளவுக்குக் கட்டினால் போதும் என்று பல பில்களில் ‘குறைந்தபட்சத் தொகை’ போட்டிருப்பார்கள். 40 ஆயிரத்துக்கு அது 2,000. பாக்கி குறையக் குறைய இந்தத் தொகையும் குறையும் என்பதால், அதை மட்டுமே கட்டுபவருக்குக் கடன் இன்னும் நீளும். இதைப் பில்லிலேயே எச்சரிக்கையாக அச்சிட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2022-ல் வெளியிட்ட கார்டு விதிகளில் சொன்னது. எச்சரிக்கை பொடி எழுத்தில் இருந்தால் யார் படிக்கிறார்கள்? நீங்களே போட்ட கணக்குதான் மனதில் நிற்கும்.

சட்டம் காப்பாற்றாதா?

கந்துவட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003-ல் சட்டம் வந்தது. வங்கிக் கார்டுகளின் கதை வேறு. ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் கார்டு வட்டி வாங்குவது முறையற்றது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பை 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. அமெரிக்காவில் 2009-ல் வந்த சட்டப்படி, 21 வயதுக்குக் கீழே உள்ளவர் தனக்கு வருமானம் இருப்பதைக் காட்ட வேண்டும். இல்லையென்றால் வேறொருவர் கூட்டாகக் கையெழுத்துப் போட வேண்டும். நம் நாட்டில், மாணவர்களுக்குக் கார்டு தரும்போது திருப்பிக் கட்டும் திறனைத் தனியே ஆராயும்படி ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. அவ்வளவுதான். மற்ற எச்சரிக்கையை வீட்டில்தான் கற்றுத் தர வேண்டும்.

முன்பெல்லாம் சிறு ஊர்களில் கார்டு தேய்க்கும் இயந்திரம் பெரிய கடைகளில் மட்டுமே இருக்கும். இப்போது பூக்கடையிலும் டீக்கடையிலும் க்யூ.ஆர். கோடு தொங்குகிறது. ரூபே கிரெடிட் கார்டை யு.பி.ஐ.யுடன் இணைக்கும் வசதியும் 2022-ல் வந்துவிட்டது. பத்து ரூபாய் டீயைக்கூடக் கடனில் குடிக்கலாம். கையிலிருந்து நோட்டு போகாததால் செலவானதே தெரிவதில்லை.

நோ காஸ்ட் இ.எம்.ஐ. பற்றியும் ஒரு வார்த்தை. பூஜ்ய வட்டி என்று சொல்லிவிட்டு, அந்த வட்டியைச் சேவைக் கட்டணம் என்ற பெயரில் மறைத்து வாங்குவதை 2013-லேயே ரிசர்வ் வங்கி கண்டித்தது. ரொக்கமாக வாங்கினால் என்ன விலை என்று கேட்டுவிட்டு, இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

அப்படியானால் கார்டே வேண்டாமா?

அப்படிச் சொல்லமாட்டேன். பில் தொகை முழுவதையும் கெடு தேதிக்குள் கட்டினால், பொருள் வாங்கியதற்கு ஒரு பைசா வட்டி கிடையாது. ஒழுங்காகக் கட்டிவந்தால் 300 முதல் 900 வரை போடப்படும் சிபில் மதிப்பெண் நன்றாக அமையும். நாளைக்கு வீட்டுக் கடன் கேட்கும்போது உதவும். அந்த அறிக்கையை ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாகப் பெறலாம். ஆனால் ஒரு மாதம் பாக்கி விழுந்துவிட்டால், அடுத்து வாங்கும் பொருளுக்கு வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கும். இதைப் பலர் அறிவதில்லை.

ஆகவே என் யோசனை இதுதான். கார்டுக்கு விண்ணப்பிக்கும் முன் ஆறு மாதம் வரவு செலவை எக்ஸெல்லில் எழுதட்டும். சென்னைக்கோ பெங்களூருக்கோ வேலைக்குப் போன பிள்ளை என்றால் கூகுள் ஷீட்ஸில் எழுதி, விருப்பப்பட்டால் வீட்டுடன் பகிர்ந்து கொள்ளட்டும். சம்பளம், வாடகை, சாப்பாடு, வீட்டுக்கு அனுப்பியது, மீதி என்று ஐந்து தலைப்புகள் போதும். மீதி என்ற செல்லில் ஆறு மாதமும் ஏதாவது மிஞ்சியிருந்தால் தாராளமாகக் கார்டு வாங்கலாம். கழித்தல் குறி வந்திருந்தால், அந்தக் குறையை மூன்றரை வட்டிக் கடனால் அடைக்க முடியாது.

பள்ளியில் சஞ்சயிகா திட்டத்தில் நாலணா, எட்டணாவாகச் சேர்த்த பெற்றோர் பலர் இருப்பீர்கள். சேமிப்பைக் கற்றுத்தர அன்று ஒரு சிறு பாஸ்புக் இருந்தது. இன்று உங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை பிள்ளையை அருகில் உட்கார வைத்து, அந்த 40000-ஐ டைப் செய்யச் சொல்லுங்கள்.