பாட்டிக்குக் கொய்யா கொடுக்காத ஊர்ல ஸ்கர்வி இருக்கத்தான் செய்யும்

1/ "ஸ்கர்வியா? அது அந்தக் காலத்துல கப்பல்ல போனவங்களுக்கு வந்ததுதானே டாக்டர்?"
இல்லங்க. 60 வயசு தாண்டினவங்ககிட்ட எடுத்த ஓர் ஆய்வு 2011ல் வெளியாச்சு. ரத்தத்துல வைட்டமின் சி பற்றாக்குறை வட இந்தியாவுல சுமார் 74%, தென்னிந்தியாவுல 46%. இவங்க எல்லாருக்கும் ஸ்கர்வின்னு அர்த்தம் இல்ல. ஆனா அதோட வாசல்ல நிக்கிறாங்க.

2/ ஆடு, மாடு, நாய் எல்லாம் வைட்டமின் சியைத் தானே தயாரிச்சுக்கும். மனுஷனுக்கு அது முடியாது, சாப்பாட்டுல வந்தாத்தான் உண்டு. தோல், ஈறு, எலும்பு, ரத்தக்குழாய் எல்லாத்தையும் இழுத்துப் பிடிச்சு வைக்கிற கொலாஜன் உருவாக அது வேணும். வரத்து நின்னா 1 முதல் 3 மாசத்துல ஸ்கர்வி.

3/ எப்படித் தெரியும்? தீராத அசதி, கால் வலி, மூட்டு வீக்கம். முடிக்கால்களைச் சுத்தி சிவப்புப் புள்ளிகள். அடிபடாமலே கால்ல ரத்தம் கட்டுறது. ஈறு வீங்கி ரத்தம் வடியும். பழைய புண் ஆறாது.
முக்கியமா ஒண்ணு: பல்லே இல்லாதவங்களுக்கு ஈறு வீங்காது. பிளேட்லெட்டும் நார்மலா இருக்கும். அதனால "வயசாயிடுச்சு, வாதம்"னு வலி ஊசி போட்டு அனுப்பிடுவாங்க.

4/ யாருக்கு வரும்? டீயும் பன்னும் கஞ்சியுமா தனியா வாழற பெரியவங்க. தினமும் குடிக்கிறவங்க. டயாலிசிஸ் நோயாளிகள். ரெண்டு மூணு உணவைத் தவிர எதையும் தொடாத ஆட்டிசம் குழந்தைகள். திடீர்னு நடக்க மாட்டேன்னு அழற குழந்தைக்கு இதுவும் காரணமா இருக்கலாம்.

5/ இப்ப என் கோபத்துக்கு வரேன். "புளிப்பு சாப்பிட்டா தையல் சீழ் பிடிக்கும்", "கொய்யா சாப்பிட்டா சளி கட்டும்." யார் கிளப்பி விட்டது இதெல்லாம்? காயம் ஆற கொலாஜன் வேணும், கொலாஜனுக்கு வைட்டமின் சி வேணும். ஆபரேஷன் ஆனவர்கிட்ட இருந்து எலுமிச்சையைப் பிடுங்கறது, வீடு கட்டறவன்கிட்ட இருந்து சிமெண்ட்டைப் பிடுங்கற மாதிரி. "பத்தியமா இருங்க"ன்னு ஒரே வார்த்தையில டிஸ்சார்ஜ் பண்ற மருத்துவர்களையும் சேர்த்துத்தான் சொல்றேன்.

6/ இன்னொரு பக்கம், மூணு வேளையும் நல்லா சாப்பிடறவங்க "இம்யூனிட்டி"க்காக தினம் 1000 மி.கி. கரையும் மாத்திரை போடறாங்க. தினமும் போட்டாலும் சாதாரண மக்களுக்குச் சளி வர்றதை அது தடுக்காது; வந்த சளி கொஞ்சம் சீக்கிரம் போகலாம், அவ்வளவுதான். மிச்சம் சிறுநீர்ல போயிடும். சிலருக்குக் கிட்னி கல் வர வழி பண்ணும்.

7/ ஐ.சி.எம்.ஆர். 2020 பரிந்துரைப்படி ஒரு நாளைக்கு ஆணுக்கு 80 மி.கி., பெண்ணுக்கு 65. 100 கிராம் கொய்யாவுல சுமார் 200 மி.கி. இருக்கு. முடிஞ்சது கணக்கு.
பல் இல்லையா? விதை நீக்கி மசிச்சுக் கொடுங்க. எலுமிச்சையை அடுப்பை அணைச்சு, சூடு தணிஞ்சப்புறம் பிழியுங்க. கொதிக்க வச்சா சத்து வீணாகும். சுகர் இருந்தாலும் ஜூஸா இல்லாம பழமா அளவோட சாப்பிடலாம். கிட்னி நோயாளிகள் மட்டும் உங்க டாக்டரைக் கேட்டுட்டு.

8/ ஸ்கர்வியே வந்திருந்தாலும் பயப்படாதீங்க. டாக்டர் சொல்ற அளவுல மாத்திரை போட்டா ரெண்டு நாள்ல அசதி குறைய ஆரம்பிக்கும், ரெண்டு வாரத்துல ரத்தக்கசிவு அடங்கும். ஒரு நாள் செலவு ஒரு டீ விலை கூட வராது.

9/ 1747ல் ஜேம்ஸ் லிண்ட் கப்பல்ல 12 நோயாளிகளை வச்சு சோதிச்சார். ஆரஞ்சும் எலுமிச்சையும் சாப்பிட்ட ரெண்டு பேர் ஒரே வாரத்துல தேறினாங்க. பிரிட்டிஷ் கடற்படை எலுமிச்சைச் சாறை முறையா கொடுக்க ஆரம்பிச்சது 1795ல். 48 வருஷம்! அவங்க நடுக்கடல்ல இருந்தாங்க. நம்ம தெருமுனையில வண்டியில கொய்யா விக்குது.

இன்னைக்கு ராத்திரி வீட்டுப் பெரியவங்க தட்டைப் பாருங்க. அதுல பழம்னு ஏதாவது இருக்கா?