ஏரிக்கரையில் ஒரு ராத்திரி

பெசன்ட் நகர் கடற்கரை. ஞாயிற்றுக்கிழமை மாலை. சுண்டல் தின்றுகொண்டே ஒரு சிறுவன் கேட்கிறான்: "அப்பா, காட்டுக்குள்ளே கூடாரம் போட்டுத் தூங்கலாமா?"

"புலி வந்தால்?" என்கிறாள் பாட்டி.

சிறுவன் கேட்டதில் தவறு இல்லை. ராத்திரியும் பகல் போல விளக்கு எரியும் ஊரில் பிறந்த பிள்ளை. நல்ல இருட்டை அவன் பார்த்ததே இல்லை. போகட்டும். ஆனால், யாரோடு போவது? அதுதான் கேள்வி.

பக்கத்திலேயே கிண்டியில் தேசியப் பூங்கா இருக்கிறது. 1978-ல் அந்தப் பெயர் வந்தது. மான் உண்டு, குளம் உண்டு. ராத்திரி தங்க முடியாது. மூன்று சதுர கிலோமீட்டர்கூட இல்லாத காடு அது. மான்களுக்கே இடம் போதாது!

பட்டை உரித்தவர்கள்

குமுளியைத் தாண்டினால் கேரளத்துத் தேக்கடி. 1895-ல் முல்லைப் பெரியாறு அணை கட்டி முடிந்ததும் பள்ளத்தாக்கில் தண்ணீர் தேங்கி ஏரி ஆயிற்று. அன்று மூழ்கிய மரங்களின் கட்டைகள் இன்றும் தண்ணீருக்கு மேலே நிற்கின்றன. சுற்றிலும் புலிகள் காப்பகம். அதன் நடுப்பகுதி 1982-ல் தேசியப் பூங்கா ஆனது.

இந்தக் காட்டில் ஒரு காலத்தில் திருட்டு மும்முரம். வயனா என்று ஒரு மரம். அதன் பட்டை லவங்கப்பட்டை போல மணக்கும். நல்ல விலை போகும். ராத்திரியோடு ராத்திரியாக உரித்துக்கொண்டு போவார்கள். பிறகு அவர்களில் சிலர் திருந்தி வந்தார்கள். வனத்துறை என்ன செய்தது தெரியுமா? அவர்களையே காட்டுக்குக் காவல் வைத்தது!

1998-ல் தொடங்கிய திட்டம் இது. வழி காட்டுவது, கூடாரம் அடிப்பது, சமைப்பது, ராத்திரி கண் விழிப்பது எல்லாம் அவர்கள்தான். துணைக்குத் துப்பாக்கியோடு ஒரு வனக்காவலர். ஒரு தடவைக்கு ஐந்தாறு பேரைத்தான் அழைத்துப் போனார்கள்.

"இன்னும் பத்துப் பேரைச் சேர்த்தால் என்ன?" என்று முணுமுணுப்பவர்கள் உண்டு.

அதே ஏரியில் 2009 செப்டம்பர் 30-ந் தேதி சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கரையில் மிருகங்களைப் பார்க்க எல்லாரும் ஒரே பக்கம் எழுந்து போனதால் படகு சாய்ந்தது என்று அப்போது சொன்னார்கள். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத் தீ. மலை ஏறப் போனவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் பலி. சென்னையிலிருந்து போனவர்களும் அதில் உண்டு. இதற்குப் பிறகும் கூட்டம் சேர்த்துக்கொண்டு காட்டுக்குப் போகலாமா?

யானை எந்தத் தடத்தில் தண்ணீர் குடிக்க வரும்? காற்று எந்தப் பக்கம் திரும்பும்? செல்போனில் படம் பார்த்துக் கற்றவருக்கு இது தெரியாது. அதிகாரிக்குப் பயந்து அந்தக் காட்டிலேயே ஒளிந்து கிடந்தவருக்குத் தெரியும். அவருக்குக் கொடுக்கும் கூலி வீண் செலவு அல்ல. அது நின்றால் அவர் மறுபடியும் பட்டை உரிக்கப் போவார்.

பாட்டியையும் அழைத்துப் போகலாமா? பல மணி நேரம் நடக்க வேண்டும், அட்டை கடிக்கும். பாட்டிக்குக் கடற்கரையே போதும். சிறுவனும் இன்னும் இரண்டு மூன்று வருஷம் பொறுக்கட்டும்.