பதவி போன பிறகு



கிரிக்கெட் நடக்கும் நாளில், மயிலாப்பூர் மாட வீதியிலும் தி.நகர் உஸ்மான் ரோட்டிலும் வாடிக்கையாளர் முதலில் கேட்பது ஸ்கோர், பிறகுதான் சரக்கு. அந்த ஆட்டத்தில் இந்திய அணிக்கே தலைமை தாங்கிய சென்னைக்காரர் எஸ்.வெங்கட்ராகவன். நமது சங்கங்களைப் பிடித்திருக்கும் ஒரு நோய்க்கு அவர் வாழ்க்கையில் மருந்து இருப்பதால்தான் இங்கே எழுதுகிறோம்.

கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்த அவர், 1965-ல் டெஸ்ட் ஆட வந்தார். அதே ஆண்டு டெல்லியில் நியூசிலாந்துக்கு எதிராக ஒரே டெஸ்டில் 12 விக்கெட் எடுத்தார். பேடி, பிரசன்னா, சந்திரசேகர் ஆகியோரோடு நால்வரில் ஒருவராக நின்று, மொத்தம் 57 டெஸ்டில் 156 விக்கெட் வீழ்த்தினார்.

தலைவராக அவர் கணக்கைப் பார்த்தால் லாபம் இல்லை. ஐந்து டெஸ்டில் இரண்டு தோல்வி, மூன்று டிரா. 1975, 1979 உலகக் கோப்பை இரண்டிலும் அவரே தலைவர். ஆறு ஆட்டத்தில் வென்றது ஒன்று. 1979-ல் ஓவல் மைதானத்தில் 438 ரன் தேவை. கவாஸ்கர் 221 அடித்தும், 429 ரன்னில் ஆட்டம் நின்றது. விஸ்வநாத்தை நிறுத்திவைத்துக் கபில்தேவை முன்னால் அனுப்பினாரே என்ற குறை இன்றும் பேசப்படுகிறது. தீபாவளிக் கூட்டத்தில் தராசில் யாரை நிறுத்துவது என்று திண்டாடிய முதலாளிகளுக்கு அந்தச் சங்கடம் புரியும்.

ஆனால் அவரை நடத்திய விதம் நியாயமா? 1974-ல் டெல்லியில் ஒரு டெஸ்டுக்குத் தலைவர். அடுத்த டெஸ்டில் பதினொரு பேரில் இடமே இல்லை. 1979-ல் இங்கிலாந்திலிருந்து திரும்பும் விமானத்தில், இனி கவாஸ்கர்தான் தலைவர் என்று விமானி அறிவித்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆட்டக்காரர்களோடு சேர்ந்தேதான் தலைவரும் அதைக் கேட்டார். பத்து வருடம் கழித்து இன்னொரு சென்னைக்காரர் ஸ்ரீகாந்த், பாகிஸ்தானில் நான்கு டெஸ்டையும் தோற்காமல் முடித்துத் திரும்பினார். அவருக்கும் தலைமை போயிற்று, அணியில் இடமும் போயிற்று.

வெங்கட்ராகவன் முறைத்துக்கொண்டு வீட்டில் உட்காரவில்லை. அதே ஆண்டு கவாஸ்கரின் கீழேயே ஆடினார். 1983-ல், தம்மைவிடப் பதின்மூன்று வயதுக்கு மேல் இளையவரான கபில்தேவின் கீழும் பந்து வீசினார். ஆட்டம் முடிந்ததும் நடுவராகி, 73 டெஸ்டில் நின்றார். 2002-ல் சர்வதேச உயர்மட்ட நடுவர் குழுவிலும் இடம்பெற்றார். தலைவராகக் கிடைக்காத பெயர், தீர்ப்புச் சொல்பவராகக் கிடைத்தது.

இனி நம் கதைக்கு வருவோம். சங்கத் தேர்தலில் தோற்றவர் அடுத்த மாதக் கூட்டத்துக்கு வருவதில்லை. ஆறு மாதத்தில் அதே கடைவீதியில் இன்னொரு சங்கப் பலகை தொங்குகிறது. வரிப் பிரச்சினைக்கோ மாநகராட்சி உரிமத்துக்கோ போகும்போது இரண்டு மனு போகிறது. அதிகாரி இரண்டையும் ஓரமாக வைக்கிறார். நஷ்டம் யாருக்கு? பெட்டிக்கடைக்காரருக்குத்தான்.

தவறு ஒரு பக்கம் மட்டும் இல்லை. முந்தின நாள்வரை மாலை போட்டவரை, சுற்றறிக்கையில் பெயர் எடுத்துவிட்டு அனுப்புகிறோம். கடையில் முப்பது வருடம் பேரேடு எழுதிய கணக்குப்பிள்ளைக்கும் இதே கதி. கம்ப்யூட்டர் மேஜைக்கு வந்துவிட்டது என்பதை, பில் போட வரும் பையன் சொல்லித்தான் அவர் தெரிந்துகொள்கிறார்.

ஆகவே நாம் சொல்வது இரண்டு. ஒருவரை மாற்ற வேண்டுமானால், நிர்வாகிகள் இருவர் நேரில் போய், காரணத்தை முகத்துக்கு நேராகச் சொல்லட்டும். மாற்றப்பட்டவர் அடுத்த கூட்டத்துக்கு வந்து உட்காரட்டும். வியாபாரிகளுக்குள் வரும் கொடுக்கல் வாங்கல் வழக்குகளைத் தீர்க்கும் பொறுப்பை முன்னாள் தலைவர்களிடம் ஒப்படைப்போம். இரு தரப்பையும் அறிந்த அனுபவம் அவர்களிடம்தான் இருக்கிறது. வரும் பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகவே கொண்டுவர வேண்டும் என்பது நம் வேண்டுகோள்.