லிஃப்ட் பக்கத்துப் பெட்டியைத் தொடப் பயப்படாதீர்கள்

ஈசிஜி எடுக்கப் படுக்கவைத்த பெரியவர்கள் என்னிடம் அதிகம் கேட்ட கேள்வி, "கரண்ட் வைக்கப் போறியாம்மா?" என்பதுதான். "இல்லப்பா, உங்க நெஞ்சுல ஓடுற கரண்டத்தான் இந்த மெஷின் எழுதப்போகுது" என்பேன். பாதிப்பேர் நம்பமாட்டார்கள். இதயப் பிரிவில் தொழில்நுட்பராக இருந்து ஓய்வுபெற்று சிங்கப்பூரின் ஈசூனில் வசிக்கும் எனக்கு, அந்தப் பயத்தைப் பற்றி இப்போது எழுதவேண்டிய காரணம் இருக்கிறது.

நம் இதயம் தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. வலது மேலறையின் உச்சியில் சைனஸ் கணு என்ற சிறு திசு உள்ளது. அதன் செல்களுக்குள் சோடியமும் கால்சியமும் கசிந்து நுழைய, மின்னழுத்தம் மெல்ல ஏறி, ஓர் எல்லையைத் தொட்டதும் மின்துடிப்பாகப் பாய்கிறது. மூளை வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். தொடங்கிவைப்பது இந்தக் கணுதான். மாற்று இதயம் பொருத்தும்போது நரம்புகளை வெட்டித்தான் எடுக்கிறார்கள். புது உடம்பிலும் அது தானாகத் துடிக்கிறது.

மேலறைகளில் பரவிய மின்துடிப்பு நடுவிலுள்ள ஏவி கணுவில் ஏறக்குறைய 0.1 விநாடி தாமதிக்கிறது. கீழறைகள் ரத்தத்தால் நிரம்புவதற்கான அவகாசம் அது. இத்தனை வருடம் பார்த்தும் எனக்கு வியப்பு தீராத இடம் இதுதான். பிறகு ஹிஸ் கற்றை, புர்கின்யே இழைகள் வழியாகக் கீழறைகள் முழுக்கப் பாய, அவை சேர்ந்து சுருங்கி ரத்தத்தை வெளியே தள்ளுகின்றன. ஒரு நாளில் ஏறத்தாழ 100,000 முறை.

தோலை வந்தடையும்போது இந்த மின்சாரம் சுமார் 1 மில்லிவோல்ட்தான். அதைத் துல்லியமாக வரைந்துகாட்டிய வில்லெம் ஐந்தோவன் 1860இல் நமக்குப் பக்கத்தில், ஜாவாவின் செமாராங்கில் பிறந்தவர். நெதர்லாந்தில் அவர் அமைத்த கருவியின் எடை ஏறக்குறைய 270 கிலோ. நோயாளி இரு கைகளையும் ஒரு காலையும் உப்புநீர் ஜாடிகளில் வைத்தபடி உட்காரவேண்டும். 1924இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இதயத்தின் இந்த மின்துடிப்பு ஒழுங்கு திடீரென்று குலைந்தால் கீழறைத் தசைகள் தாறுமாறாக நடுங்கும், ரத்தம் நகராது. சில விநாடிகளில் மனிதர் சாய்ந்துவிடுவார். ரத்தக்குழாய் அடைப்பால் வரும் மாரடைப்பு இதற்குக் காரணமாகலாம், ஆனால் இரண்டும் ஒன்றல்ல. அடைப்பு வந்தவர் பெரும்பாலும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வலிக்கிறது என்று சொல்லுவார். துடிப்பு நின்றவர் எதுவும் சொல்லமாட்டார். அவருக்கு மின்னதிர்ச்சி கிடைக்கத் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 விழுக்காடு குறைகிறது. ஈசூனிலேயே கூ டெக் புவாட் மருத்துவமனை இருக்கிறதே என்று நிம்மதியாக இருப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவேண்டும். ஆம்புலன்ஸ் வரவேண்டும், லிஃப்ட் ஏறவேண்டும், கதவு திறக்கவேண்டும்.

சிங்கப்பூரில் மருத்துவமனைக்கு வெளியே ஆண்டுக்கு 3,000 பேருக்கு மேல் இதயத் துடிப்பு நின்றுபோகிறது, பெரும்பாலும் வீட்டில். அதனால்தான் குடிமைத் தற்காப்புப் படை 2015இல் தொடங்கிய திட்டத்தின்கீழ் இரண்டு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகளுக்கு ஒன்று என லிஃப்ட் அருகே ஏஇடி எனும் மின்னதிர்ச்சிக் கருவி உள்ள பெட்டிகள் வைக்கப்பட்டன. அந்தப் பெட்டியைத் திறந்தால் தனக்கு ஷாக் அடிக்கும், தவறாக அழுத்தினால் விழுந்தவர் செத்துப்போவார் என்று நினைப்பவர்கள் நம்மவரில் நிறைய உண்டு. அதிலுள்ள பட்டைகளை விழுந்தவரின் நெஞ்சில் ஒட்டியதும் கருவியே துடிப்பைப் படித்துப் பார்க்கும். தேவைப்பட்டால் ஒழிய அது மின்னதிர்ச்சி தராது. கருவி சொல்லும்போது தள்ளி நின்றால் போதும்.

பெண்கள் விஷயத்தில் இன்னொரு தயக்கம் இருக்கிறது. அதை ஒரு பெண்ணாக நானே சொல்லிவிடுகிறேன். பட்டை வெறும் தோலில்தான் ஒட்டவேண்டும். ரவிக்கையைக் கத்தரியுங்கள், உள்ளாடையையும் கத்தரியுங்கள். தாலிச்சங்கிலியைப் பட்டைக்குக் கீழே படாமல் ஒதுக்குங்கள். மானம் பார்த்து நாம் கழிக்கிற நிமிடம் அவளுடைய உயிர்.

அழைக்கவேண்டிய எண் 995. போனில் இருப்பவரே நெஞ்சை எப்படி அழுத்துவது என்று சொல்லித்தருவார்: நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, சுமார் 5 செ.மீ. ஆழம். ஒருவர் அழுத்தட்டும், இன்னொருவர் பெட்டிக்கு ஓடட்டும்.

சமூக மன்றங்களும் ஈசூன் புனிதமரம் பாலசுப்பிரமணியர் ஆலயம் போன்ற கோயில்களும் நெஞ்சை அழுத்தவும் ஏஇடியை இயக்கவும் பயிற்சியைத் தமிழில், முதியவர்களுக்கென்றே, அடிக்கடி நடத்தவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். காரணம், சிங்கப்பூர் இந்தியர்களிடையே மாரடைப்பு விகிதம் சீனர்களைவிட அதிகம். பெட்டி உங்கள் புளோக்கிலா பக்கத்து புளோக்கிலா என்று இன்றைக்கே கீழே இறங்கிப் பார்த்து, வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்.