கைப்பழக்கம் கையெழுத்தில் வராது

போன வருஷம் என் வலது தோள் இறுகிப்போனது. சட்டை மாட்டுவதற்கே வீட்டுக்காரியைக் கூப்பிட வேண்டிய நிலை. சர்க்கரை உள்ளவர்களுக்கு இது அதிகம் வரும் என்று சொன்ன டாக்டர், சீட்டில் ‘ஃப்ரோசன் ஷோல்டர்’ என்று எழுதி பிசியோதெரபிக்கு அனுப்பினார். பிரான்சிலிருந்து வந்துபோகும் நம் புதுச்சேரிக்காரர்கள் ‘கினே’ என்று சொல்வது இதைத்தான். அங்கே 1946-லேயே சட்டம் போட்டு இதற்கென்று தனிப் பட்டயம் ஏற்படுத்திவிட்டார்கள். அந்தத் தொழிலின் முழுப் பெயரிலேயே ‘மசாஜ் செய்பவர்’ என்ற சொல் முன்னால் நிற்கும். கைதான் முதல் என்று அர்த்தம்.

நான் போன இடத்தில் கல்லூரி மாணவர்களும் பயிற்சிக்கு வருவார்கள். என்னைப் பார்த்துக்கொள்ள ஒரு பையனை விட்டார்கள். முதல் நாள் மெஷினை மாட்டிவிட்டு ஒதுங்கி நின்றான். இரண்டாம் நாள் கை வைத்தான். கை ஐஸ் மாதிரி இருந்தது. கண் சுவரைப் பார்த்தது. புத்தகத்தில் படித்ததை மனசுக்குள் ஒப்பித்துக்கொண்டே அழுத்தினான் போலிருக்கிறது. நான் போட்ட சத்தத்தில் அடுத்த கட்டிலில் இருந்தவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

சத்தம் கேட்டு அவனுடைய மேடம் வந்தார். திட்டவில்லை. அவன் கைமேல் தன் கையை வைத்தார். “தம்பி, ஐயா முகத்தைப் பாரு. வலி முதல்ல அங்கதான் தெரியும்” என்றார். இரண்டு கைகளும் சேர்ந்து என் தோளை மெதுவாக அசைத்தன. கொஞ்ச நேரத்தில் மேல் கை விலகியது. கீழ்க் கை மட்டும் அதே நிதானத்தில் ஓடியது. அந்த ஒரு நிமிஷத்தில் அவன் கற்றுக்கொண்டதை என் தோள் உணர்ந்தது.

பிறகு அவனிடம் பேச்சுக் கொடுத்தேன். மூட்டை அசைப்பதற்கு ஆஸ்திரேலியாக்காரர் ஜெஃப்ரி மைட்லண்ட் வகுத்த படிகளைக் கடகடவென்று சொன்னான். முதல் படியில், அசைவின் தொடக்கத்திலேயே சின்ன அசைப்பு. இரண்டாவதில், பெரிய அசைப்பு, ஆனால் எல்லையைத் தொடக்கூடாது. மூன்றாவதில், எல்லை வரை பெரிய அசைப்பு. நான்காவதில், எல்லையிலேயே சின்ன அசைப்பு. பரீட்சையில் இதை எழுதினால் முழு மதிப்பெண் கிடைக்கும். ஆனால் என் தோளில் அந்த எல்லை எங்கே இருக்கிறது? அது எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவன் கைதான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

பிரெஞ்சுப் பள்ளியில் எங்களுக்கு ‘லெசோன் த ஷோஸ்’ என்று ஒரு பாடம் உண்டு. பொருளைக் கையில் கொடுத்து நடத்தும் பாடம். முசியே ஒரு இலையையோ கல்லையோ எடுத்துவருவார். தொட்டு, முகர்ந்து பார்த்த பிறகுதான் அதற்கு என்ன பெயர் என்று சொல்வார். மேடம் செய்ததும் அதுதான். நம் சித்த வைத்தியத்தின் தொக்கணத்திலும் தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல் என்று எல்லாப் பெயர்களும் கை செய்யும் வேலைகள்தான்.

இங்கே என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். அரசாங்க ஆபீசில் காலமெல்லாம் ரெஜிஸ்டரோடு குடித்தனம் நடத்தியவன் நான். கட்டத்தில் கையெழுத்து இருந்தால் வேலை முடிந்தது என்பது எங்கள் சாஸ்திரம். முடியாத வேலைக்கும் கையெழுத்து விழும் என்பது எங்கள் ரகசியம். இந்த மாணவர்களிடமும் பயிற்சி நோட்டு ஒன்று இருக்கிறது. இத்தனை நோயாளி பார்த்தான் என்பதற்குக் கையெழுத்து. அது அவன் வந்துபோனதற்குத்தான் சாட்சி, கை பழகியதற்கு அல்ல. ஆபீசில் தவறு நடந்தால் ஃபைல் திரும்பி வரும். இங்கே பழகாத கை நாளைக்கு ஒருவர் கழுத்தைத் திருப்பப் போகிறது.

ஆகவே மூன்று காரியம் வேண்டும். ஒன்று, நோயாளியைத் தொடும் முன் மாணவர்கள் ஒருவர்மேல் ஒருவர் பழக வேண்டும், தாங்களும் கட்டிலில் படுக்க வேண்டும். எடை பார்க்கும் மெஷினை அழுத்தி, ஐந்து கிலோ என்றால் எவ்வளவு என்று கைக்குப் புரியவைக்கலாம். இரண்டு, தொடும் முன் நோயாளியிடம் அனுமதி கேட்க வேண்டும். இலவச ஆஸ்பத்திரி என்பதற்காக எங்கள் உடம்பு கரும்பலகை ஆகிவிடாது. மூன்று, மதிப்பெண் போடும்போது தொடப்பட்டவரின் வார்த்தைக்கும் இடம் வேண்டும். அழுத்தம் அதிகமா, கை நடுங்கியதா என்று எங்களைவிட யாருக்குத் தெரியும்?

மாணவர்கள் அதிகம், ஆசிரியர்கள் குறைவு, வீடியோ காட்டினால் ஆகாதா என்று ஒரு வாத்தியார் நண்பர் கேட்டார். எங்கே கை வைப்பது என்பதை வீடியோ காட்டும், நல்லதுதான். எவ்வளவு அழுத்துவது என்பதைக் காட்டாது. ஆசிரியர் போதவில்லை என்றால் சேர்க்கையைக் குறைக்கட்டும், கைப்பாடத்தைக் குறைக்க வேண்டாம்.

நமக்கும் இதில் பங்கு உண்டு. “சின்னப் பசங்க வேண்டாம், பெரியவங்களைக் கூப்பிடு” என்று நம்மில் பலர் விரட்டிவிடுகிறோம். நானும் அந்த இரண்டாம் நாள் அப்படித்தான் சொல்ல வாயெடுத்தேன். எல்லோரும் விரட்டினால் அடுத்த தலைமுறைக்குக் கை எங்கிருந்து வரும்? மேடம் ஒருவர் பக்கத்தில் நின்றால் தோளைக் கொடுங்கள். வலித்தால் மட்டும் மரியாதைக்காகப் பொறுத்துக்கொள்ளாமல் சொல்லிவிடுங்கள். அதுதான் நாம் நடத்தும் பாடம்.

கடைசி நாள் பையன் நோட்டை நீட்டினான். மேடம் பேனாவைத் திறந்துவிட்டு, “ஐயா, போடலாமா?” என்று என்னைக் கேட்டார். இன்னொரு தரம் அசைக்கச் சொன்னேன். கை சூடாக இருந்தது. கண் என் முகத்தில் இருந்தது.

“போடலாம்” என்றேன். இப்போது சட்டையை நானே மாட்டிக்கொள்கிறேன்.