கரியை எடுங்கள், பேஃபிளை விடுங்கள்
விரிஞ்சிபுரம் பக்கம் பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டிகளை ஆசையாக வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வண்டி இழுக்கவில்லை என்றதும் சைலன்சருக்குள் இருக்கும் பேஃபிளைக் கழற்றி வீசாதீர்கள். பெட்ரோலோடு ஆயிலும் எரியும் இன்ஜின் இது. எரியாத மிச்சம் பேஃபிள் துளைகளில் பிசினாக அடைத்துக்கொள்ள, புகை வெளியேற வழியின்றி வண்டி திணறுகிறது. சைலன்சரின் வீங்கிய நடுப்பகுதிக்கும் வேலை உண்டு. அதன் பின்சரிவில் மோதித் திரும்பும் அழுத்த அலைதான், எரியாமல் நழுவும் கலவையைச் சிலிண்டருக்குள் மறுபடி தள்ளுகிறது. அதை அறுத்துக் குடைந்தால் ஊர்க்காது கிழியும், இழுவை அதிகரிக்காது. ஆர்எக்ஸ் 100 போன்ற வண்டிகளில் பின்முனை போல்ட்டைக் கழற்றினால் பேஃபிள் தனியே வந்துவிடும். வெட்டவெளியில் அதைச் சுட்டுக் கம்பி பிரஷால் தேய்த்தால் போதும். கிளாஸ் வுல் சுற்றிய பேஃபிள் என்றால் பழையதை உரித்துவிட்டுப் புதிதாகச் சுற்றி, மெல்லிய இரும்புக் கம்பியால் கட்டுங்கள். கையுறையும் முகக்கவசமும் கட்டாயம். சைலன்சர் குழாய்க்குள் காஸ்டிக் சோடா ஊற்றி ஊறவைப்பவர்கள் பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் தொடவே கூடாது. ஊறியபின் வரும் கறுப்புத் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டுவதை என்னால் ஏற்க முடியாது. தோல் பதனிடும் ஆலைக் கழிவுக்கு எதிராக 1996-இல் உச்ச நீதிமன்றம்வரை போய்த் தீர்ப்பு வாங்கிய மாவட்டம் இது. அந்தக் கழிவால் பாலாறு பட்டது போதும். திரும்ப மாட்டும்போது சிலிண்டர் பக்க கேஸ்கெட்டைப் புதிதாகப் போடுங்கள். அங்கே கசிந்தால் செய்த வேலை அத்தனையும் வீண்.